பொக்கெட் டோர்ச் வாங்கப் போகிறீர்களா? பெட்டியைப் படிக்கும் முன் கையில் பிடித்துப் பாருங்கள்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டோர்ச் விற்காத மின்சாதனக் கடை ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விரல் அளவில் இருந்து புட்டுக்குழல் அளவு வரை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெரிய இலக்கம் இருக்கும்: 3000 லுமென், 10,000 லுமென், சிலதில் அதற்கும் மேல். லுமென் என்பது டோர்ச் மொத்தமாக வெளிவிடும் வெளிச்சத்தின் அளவு. முதல் முறை வாங்கப் போகிறவர் அந்த இலக்கத்தைப் பார்த்தே தெரிவு செய்துவிடுவார். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். இருட்டில், ஒரே கையால், யோசிக்காமல் அழுத்தி, தேவையான அளவு வெளிச்சத்தை எடுக்க முடிகிறதா? பையில் போட்டது தெரியாமல் கிடக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது நல்ல பொக்கெட் டோர்ச். மற்றதெல்லாம் அப்புறம்.

“போனிலேயே டோர்ச் இருக்கிறதே” என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு போனபோது அந்தப் போனின் சார்ஜைக் காப்பாற்ற என்ன பாடுபட்டோம் என்று கொழும்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க மின்சாரம் நின்றதே, அன்றும் அப்படித்தான். பகல் நேரம் என்பதால் வீடுகள் தப்பின. ஜன்னல் இல்லாத படிக்கட்டுகள் தப்பவில்லை. கரண்ட் போகும் நேரத்தில் போன் கதைப்பதற்கு வேண்டும். அதை வைத்து வெளிச்சம் அடித்துக்கொண்டே கதைக்கவும் முடியாது.

சரி, படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: எங்கே அடிக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறவருக்கு ஜெனரேட்டர் லிப்டை மட்டும் ஓட்டி, படிக்கட்டை இருட்டில் விட்டிருக்கலாம். கொட்டாஞ்சேனையில் தனி வீட்டில் இருக்கிறவருக்கு ட்ரிப் சுவிட்ச் வாசலுக்கு வெளியே இருக்கலாம். மழை நாளில் மூடி இல்லாத கான் எங்கே என்று பார்த்து நடக்க வேண்டும். கதவில் திறப்புத் துவாரம் தெரிய வேண்டும். குசினியில் சிங்குக்குக் கீழே குழாய் ஒழுகுகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேலையைப் பலர் யோசிப்பதில்லை: டெங்கு. பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, தண்ணீர்த் தாங்கி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் வடியும் தட்டு, இவற்றில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்று பகலிலும் டோர்ச் அடித்துத்தான் பார்க்க முடியும். பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து அடித்துப் பார்க்கும் முன் நாமே பார்த்துவிடுவது நல்லது. மெல்லிய வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துக் கொஞ்சம் பொறுத்தால் குடம்பிகள் நெளிந்து ஓடுவது தெரியும். பிரகாசமாக நேராக அடித்தால் தண்ணீரின் பளபளப்புத்தான் தெரியும்.

இந்த வேலைகள் எல்லாம் கை எட்டும் தூரத்தில் இருந்து பத்து மீற்றருக்குள் முடிகின்றன. காட்டில் நடக்கவோ கடலில் படகு தேடவோ போகாதவருக்கு 500 மீற்றர் எறியும் டோர்ச் எதற்கு? வீட்டுக்குள் 5 முதல் 20 லுமென், படிக்கட்டுக்கும் தெருவுக்கும் 100 முதல் 200 லுமென் தாராளம்.

எதில் கொண்டு போவீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பொக்கெட் டோர்ச் என்று செய்கிறவர் எல்லோரும் ஜீன்ஸ் போட்ட ஆணின் பொக்கெட்டைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். சாரிக்குப் பொக்கெட் இல்லை. சுரிதாருக்கும் பெரும்பாலும் இல்லை. சாரத்துக்கும் இல்லை. கைப்பைக்குள் போனால் அடியில் போய்க் கிடக்கும், இருட்டில் துழாவ வேண்டும். அப்படியானவர்களுக்கு நல்ல கிளிப்தான் முக்கியம்: பையின் உட்புறப் பொக்கெட் விளிம்பில் மாட்டினால் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கும். திறப்புக் கோர்வையில் மாட்டுகிறவர் எடை குறைந்ததைத்தான் பார்க்க வேண்டும். கனமானது வண்டித் திறப்பில் தொங்கி ஆடுவது தொல்லை.

அளவு பெரும்பாலும் பெட்டரியைப் பொறுத்தது. ஏஏஏ பெட்டரி 10.5 மில்லிமீற்றர் விட்டம், ஏஏ 14.5, 18650 என்கிற மீள்சார்ஜ் லித்தியம் பெட்டரி 18 மில்லிமீற்றர். அதற்கு மேல் உலோகச் சுவர். ஏஏஏ டோர்ச் பேனையுடன் சேர்ட் பொக்கெட்டில் நிற்கும். ஏஏ காற்சட்டைப் பையில் சுகமாகக் கிடக்கும். 18650 ஐக் கைப்பையிலோ மேசை லாச்சியிலோ வைக்கலாம், சேர்ட் பொக்கெட்டை இழுத்துத் தொங்கவிடும். முதல் டோர்ச்சுக்கு ஏஏ அளவுதான் என் தெரிவு.

இரண்டாம் படி: கையில் பிடித்துப் பாருங்கள், சுவிட்சை அழுத்திப் பாருங்கள்

கடையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கடைக்காரர் டோர்ச்சை எடுத்த உடனே கூரையைப் பார்த்து அடித்துக் காட்டுவார். நீங்கள் வாங்கி, அணைத்து, கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் கண்ணாடி, எந்தப் பக்கம் வால் என்று விரலால் கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள். இரண்டு முனையும் ஒரே தடிப்பாக, ஒரே வழவழப்பாக இருக்கும் டோர்ச்சை இருட்டில் எடுத்தால் பாதி நேரம் தன் கண்ணுக்கே அடித்துக்கொள்வீர்கள். பின்பு சுவிட்ச். அது மூன்று விதமாக வரும்.

வால் பக்கச் சுவிட்சைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். தேடத் தேவையில்லை, முனையில்தான் இருக்கும். ஆனால் பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் டோர்ச்சை மேசையில் நிமிர்த்தி வைக்க முடியாது. பொத்தானைச் சுற்றி உலோக விளிம்பு உயர்ந்திருந்தால் நிமிர்ந்து நிற்கும், பையில் தற்செயலாக அழுந்தவும் மாட்டாது. மின்வெட்டு நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வெள்ளை சீலிங்கைப் பார்த்து டோர்ச்சை நிமிர்த்தி வைத்தால் வெளிச்சம் பட்டுத் திரும்பி அறை முழுக்கப் பரவும். சாப்பாட்டு மேசைக்கு அது போதும்.

பக்கவாட்டுச் சுவிட்ச் சுட்டு விரலுக்கோ பெருவிரலுக்கோ வசதி. தலையைக் கீழே சாய்த்து அடிக்கும்போது கை வளைக்கத் தேவையில்லை. குறை என்னவென்றால், இருட்டில் பொத்தான் எந்தப் பக்கம் என்று உருட்டிப் பார்க்க வேண்டும். கிளிப் எப்போதும் பொத்தானுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் கிளிப்பைத் தொட்டே பொத்தானைப் பிடித்துவிடலாம். இந்தச் சுவிட்சுகள் பெரும்பாலும் மின்னணு வகை என்பதால், அணைத்திருக்கும்போதும் துளித்துளியாகப் பெட்டரியைக் குடிக்கும். நல்ல வடிவமைப்பில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. மலிவானதில் சில மாதத்தில் பெட்டரி வெறுமையாகிவிடும்.

தலையைத் திருகினால் எரியும் வகை மிக எளிமையானது, பழுதாக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு கை வேண்டும். ஒரு கையில் மரக்கறிப் பை, மறு கையில் திறப்பு என்று நிற்கிறவருக்குச் சரிவராது.

வால் சுவிட்சிலும் ஒரு வித்தியாசம் உண்டு. சிலதை மெதுவாகப் பாதி அழுத்தினாலே எரியும், விட்டால் அணையும். ஒரு நொடி எட்டிப் பார்க்க அது அருமை. மற்றதில் முழுக்க அழுத்தி விட்ட பிறகுதான் எரியும், எரிந்துகொண்டிருக்கும்போது பாதி அழுத்தினால் வெளிச்ச அளவு மாறும். இரண்டும் நல்லவைதான். உங்கள் கைக்கு எது பழகுகிறது என்று கடையிலேயே பாருங்கள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி: முதல் அழுத்தலில் என்ன வெளிச்சம் வருகிறது? மலிவான டோர்ச்சுகளில் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: கூடிய வெளிச்சம், குறைந்த வெளிச்சம், மின்னி மின்னி அடிப்பது, பிறகு அணைப்பு. அதாவது இரவு இரண்டு மணிக்குக் குழந்தை எழும்பாமல் தண்ணீர் குடிக்கப் போகிறவர் முதலில் முழு வெளிச்சத்தில் கண் கூசி நிற்க வேண்டும், அணைக்கும்போது அறையே டிஸ்கோவாக வேண்டும். இந்த வரிசை உள்ளதை நான் எடுக்கவே மாட்டேன். நல்ல வரிசை குறைவில் தொடங்கி ஏறும். அல்லது அணைந்திருக்கும்போது பொத்தானை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் மிகக் குறைந்த வெளிச்சம் வரும். ஒரு லுமெனுக்கும் கீழே போகும் வெளிச்சம் உள்ள டோர்ச் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கண் முழு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும். ஒரு தடவை பளீர் என்று அடித்தால் அத்தனையும் போய்விடும்.

சில டோர்ச்சுகள் கடைசியாகப் பாவித்த அளவை நினைவில் வைத்திருக்கும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நேற்று கானைப் பார்க்க முழு வெளிச்சம் வைத்திருந்தால் இன்று நள்ளிரவிலும் அதே முழு வெளிச்சம் வரும். வீட்டில் நாலு பேர் பாவிக்கும் டோர்ச்சுக்கு நினைவு வேண்டாம் என்பது என் கருத்து.

ஒளிர்வு அளவு மூன்று, அதிகம் போனால் நாலு போதும். ஒரு தட்டுக்கு ஒன்று, இரண்டு தட்டுக்கு ஒன்று, மூன்று தட்டுக்கு ஒன்று, பிடித்துக்கொண்டால் இன்னொன்று என்று கையேடு நாலு பக்கம் இருந்தால் அது டோர்ச் பிரியர்களுக்கான சாமான். அவர்கள் ஆசையாக வாங்கட்டும். நீங்கள் அம்மம்மாவிடம் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்து, அவர் தானாக எரித்து, தானாக அணைத்தால் அந்த வடிவமைப்புத் தேறிவிட்டது. இதைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: வெளிச்சத்தைப் பார்ப்பது

கடைக்குள் நண்பகல் வெளிச்சமும் பத்துக் குழல் விளக்கும் இருக்கும். அங்கே எல்லா டோர்ச்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேட்டுவிடுங்கள்.

“நானா, கொஞ்சம் இருட்டான இடத்துல அடிச்சுப் பார்க்கலாமா?”

“இந்தக் கடையில இருட்டுக்கு எங்க போறது தம்பி? சரி, அந்த மேசைக்குக் கீழ பாருங்க.”

மேசைக்குக் கீழே போதும். பழைய அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் அடித்தாலும் போதும். அங்கே பார்க்க வேண்டியது எவ்வளவு பிரகாசம் என்பதல்ல, வெளிச்சம் எப்படி விழுகிறது என்பது. நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி, அதைச் சுற்றி மெல்ல மங்கும் பரவல் இருந்தால் நடக்கச் சுகம்: புள்ளி தூரத்தைக் காட்டும், பரவல் காலடியைக் காட்டும். நடுப்புள்ளி சின்னதாகக் கூர்மையாக இருந்து சுற்றிலும் இருட்டென்றால் படிக்கட்டில் கால் வைக்கும் படி தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கிண்ணம் தோடம்பழத் தோல் மாதிரிச் சொரசொரவென்று இருந்தால் வெளிச்சம் மென்மையாகப் பரவும், வழவழப்பாக இருந்தால் தூரம் போகும். தலையை இழுத்தால் வெளிச்சம் குவியும் ‘சூம்’ டோர்ச்சுகளில், குவித்ததும் எல்ஈடியின் சதுர உருவமே சுவரில் விழும். விளையாட நன்றாக இருக்கும். தலை முன்னும் பின்னும் ஓடும்போது காற்றோடு ஈரத்தையும் உள்ளே இழுக்கும் என்பதால் நம்முடைய மழைக்கு அது தோதில்லை.

நிறத்தையும் பாருங்கள். வெள்ளை எல்ஈடி என்பது நீல எல்ஈடியின் மேல் மஞ்சள் பொஸ்பர் பூச்சு. பூச்சும் நீலமும் சேரும் அளவைப் பொறுத்து வெளிச்சம் நீலம் பாயும், அல்லது மஞ்சள் பாயும். பெட்டியில் கெல்வின் என்று போட்டிருந்தால், 6500 நீலம் கலந்த வெள்ளை, 4000 முதல் 5000 வரை நடுத்தரம், 3000 பழைய குண்டு பல்ப் நிறம். 6500 கடையில் பிரகாசமாகத் தெரியும், அதனால்தான் அதிகம் விற்கிறது. நான் நடுத்தரத்தைச் சொல்வேன். மழையிலும் புகையிலும் நீல வெளிச்சம் வெண்மையாகக் கலங்கித் தெரிவது கண்ணுக்குப் பிடிப்பதில்லை.

உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். தோல் தோலாகத் தெரிந்தால் சரி. சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் அந்த எல்ஈடி சிவப்பைச் சரியாகக் காட்டாது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் இலக்கம் இருக்கும்: 70 சாதாரணம், 90க்கு மேல் மிக நல்லது. ட்ரிப் சுவிட்ச் பெட்டிக்குள் கறுப்பு வயரா கபில நிற வயரா என்று பிரிக்கும்போதும், குழந்தையின் தோலில் தடிப்புச் சிவப்பா என்று பார்க்கும்போதும் இது உதவும்.

அப்புறம், குறைந்த வெளிச்சத்தில் வைத்து, போன் கமராவைத் திறந்து டோர்ச்சின் பக்கம் பிடியுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் தடிப்பாக ஓடினால், வெளிச்சத்தைக் குறைப்பதற்காக அது வேகமாக அணைந்து எரிகிறது என்று அர்த்தம். சிலருக்கு அது தலையிடி தரும். மெல்லிய பட்டையென்றால் விட்டுவிடலாம்.

இனி அந்தப் பெரிய இலக்கம். 2009இல் அமெரிக்காவில் ‘எஃப்எல்1’ என்று டோர்ச்சுகளுக்கான ஓர் அளவீட்டு முறை வந்தது. அதைப் பின்பற்றும் கம்பனிகள் பெட்டியில் சின்னச் சின்னப் படக்குறிகளோடு லுமென், தூரம், நேரம், விழும் உயரம், நீர்காப்பு என்று வரிசையாகப் போடும். இவற்றை நம்பலாம், ஆனால் எப்படி அளந்தார்கள் என்று தெரிந்து நம்ப வேண்டும்.

லுமென் அளப்பது எரித்து 30 நொடியில் இருந்து இரண்டு நிமிடத்துக்குள். சின்ன உடம்புள்ள டோர்ச் முழு வெளிச்சத்தில் அந்த நேரத்துக்குள்ளேயே சூடாகத் தொடங்கி, பிறகு தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைப்பது பழுது அல்ல, உங்கள் கை சுடாமல் பார்க்கும் ஏற்பாடு. எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்கத்தின் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை. ஆகவே 500 லுமென், 3 மணி நேரம் என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் 500 கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். தூரம் என்பது முழுநிலா வெளிச்சத்தின் அளவான 0.25 லக்ஸ் விழும் இடம் வரை. 100 மீற்றர் என்று போட்டிருந்தால் அங்கே நிற்கும் ஆளின் முகம் தெரியாது. பாதியிலும் குறைவாகக் கணக்கு வையுங்கள்.

இன்னொன்று: கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் பார்ப்பதில்லை. இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரிய ஏறக்குறைய நாலு மடங்கு லுமென் வேண்டும். 200க்கும் 300க்கும் இடையில், தனித்தனியே பார்த்தால், வித்தியாசம் சொல்வது கஷ்டம், பெட்டரிக்கு மட்டும் நன்றாகத் தெரியும். படக்குறி ஒன்றும் இல்லாமல் 10,000 லுமென் என்று மட்டும் போட்டிருக்கும் விரல் அளவு டோர்ச்சைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. கீழே வையுங்கள்.

நாலாம் படி: பெட்டரியைத் திறந்து பாருங்கள்

ஏஏ, ஏஏஏ டோர்ச்சின் பெரிய நன்மை, சந்தியில் இருக்கும் எந்தச் சில்லறைக் கடையிலும் பெட்டரி கிடைக்கும் என்பது. கரண்ட் இல்லாதபோது சார்ஜ் பண்ண முடியாத டோர்ச்சைவிட அது மேல். ஆனால் சாதாரண அல்கலைன் பெட்டரியை உள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் கசியும். வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் அந்தப் பொருள் உலோகத்தைத் தின்றுவிடும். அது காரத்தன்மை உள்ளது என்பதால் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போகும், கையுறை போட்டுக்கொண்டு துடையுங்கள். தினமும் பாவிக்கிறவர் மீள்சார்ஜ் செய்யும் நிக்கல் ஹைட்ரைட் பெட்டரிக்கு மாறுவது புத்தி. 1.2 வோல்ட்தான் என்றாலும் நல்ல டோர்ச்சில் வித்தியாசம் தெரியாது, கசிவதும் மிகக் குறைவு.

மூன்று ஏஏஏ பெட்டரியை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் போட்டு உள்ளே தள்ளும் டோர்ச்சுகள் நிறைய வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் வெளிச்சத்தைச் சீராக வைத்திருக்கும் சுற்று இருப்பதில்லை. புதுப் பெட்டரியில் பளீர் என்று எரிந்து, அன்று மாலையே மங்கத் தொடங்கும். கூட்டின் மெல்லிய தகடுகளும் வளைந்து போகும்.

லித்தியத்தில் கவனமாக இருங்கள். 14500 என்கிற லித்தியம் பார்வைக்கு ஏஏ மாதிரியே இருக்கும், ஏஏ டோர்ச்சுக்குள் போகவும் போகும். ஆனால் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். 1.5 வோல்ட்டுக்கு மட்டும் செய்த டோர்ச்சில் போட்டால் எரிந்து போகலாம். கையேட்டில் இரண்டும் போடலாம் என்று இருந்தால் மட்டும் போடுங்கள். 18650 பெட்டரியில் 9900 மில்லி அம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். பேர்போன கம்பனிகளின் 18650 கூட 3500, மிஞ்சினால் 4000 அளவில்தான் நிற்கும். கையில் எடுத்தும் பார்க்கலாம்: நல்ல 18650 நாற்பத்தைந்து கிராமுக்கு மேல் இருக்கும், இறகு மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள்.

டோர்ச்சிலேயே சார்ஜ் துவாரம் இருந்தால் யூஎஸ்பி-சி யாகப் பாருங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மலிவான சிலதில் உள்ளே வைக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்துவிடுவார்கள். அப்போது இரண்டு பக்கமும் சி முனை உள்ள வயரில் சார்ஜ் ஏறாது, பழைய அகல முனை வயரில் மட்டும் ஏறும். கடையில் இரண்டு வயரிலும் செருகிப் பாருங்கள், விளக்கு எரிகிறதா என்று. துவாரத்தை மூடும் இறப்பர் மூடியை நகத்தால் எடுத்து மூடுங்கள். ஒரு பக்கம் அமர்த்தினால் மறுபக்கம் கிளம்புகிற மூடி மழைக்கு நிற்காது. பெட்டரியைக் கழற்ற முடியாதபடி ஒட்டியிருக்கும் டோர்ச் இரண்டு மூன்று வருடத்தில் குப்பை என்று தெரிந்தே வாங்குங்கள்.

கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ வருகிற உறவினரிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்களுக்கு ஒரு சொல்: தனியாக வரும் லித்தியம் பெட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர விடுவார்கள், பெரிய சூட்கேசில் போடக் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: உடம்பு

வாலைக் கழற்றிப் பூட்டுங்கள். திருகு மணல் உரசுவது போலக் கரகரக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். திருகில் ஒரு கறுப்பு இறப்பர் வளையம் இருக்க வேண்டும், அதுதான் தண்ணீரைத் தடுக்கிறது. வாலைக் கால் சுற்றுத் தளர்த்தினால் டோர்ச் எரியாமல் இருக்கிறதா பாருங்கள். திருகுக்கும் நிறப்பூச்சுப் போட்ட டோர்ச்சில்தான் இது வேலை செய்யும். பையில் தற்செயலாக எரிந்து துணி சுடாமல் இருக்க அதுவே எளிய பூட்டு.

பெட்டியில் நீர்காப்புக் குறி ஐபிஎக்ஸ்4 என்றால் மழைத் தூறலுக்குத் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம். கொழும்பு மழைக்கு 4 சமாளிக்கும், கானில் விழுந்தால் 7 வேண்டும். கடற்கரை ஓரமாக இருக்கிறவர்கள் கிளிப்பையும் அதன் திருகாணியையும் பாருங்கள். முதலில் துருப்பிடிப்பது அதுதான்.

மேசையில் கிடத்தினால் உருண்டு விழுகிறதா? கிளிப்போ அறுகோணத் தலையோ இருந்தால் நிற்கும். கிளிப்பைப் பெருவிரலால் தூக்கிப் பாருங்கள், திரும்பி இறுக வேண்டும். டோர்ச் முழுக்கப் பைக்குள் போகும்படி கிளிப் உயரமாக இருந்தால் நல்லது. பாதி வெளியே நின்றால் பஸ் நெரிசலில் போய்விடும். உடம்பில் உள்ள சொரசொரப்பு ஈரக் கைக்குப் பிடி தர வேண்டும், பையின் துணியை அராவக் கூடாது. வாலில் காந்தம் இருந்தால் ட்ரிப் சுவிட்ச் இரும்புப் பெட்டியில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை செய்யலாம். காந்தப் பட்டை உள்ள அட்டைகளோடு ஒன்றாக மட்டும் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: அன்று இரவே வீட்டில்

பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாற்றித் தருவதாகச் சொன்ன நாட்களுக்குள் இதைச் செய்யுங்கள். இரவில் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு டோர்ச்சை அதன் இடத்தில் இருந்து எடுங்கள். மூன்று நொடிக்குள் குறைந்த வெளிச்சம் கையில் வர வேண்டும். கையைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துவிட்டு மறுபடி எடுத்து எரித்துப் பாருங்கள். பல்லால் கடித்துப் பிடிக்கத் தோன்றினால் டோர்ச் நிமிர்ந்து நிற்கவில்லை அல்லது காந்தம் இல்லை என்று அர்த்தம். அந்த வேலை உங்களுக்கு அடிக்கடி வருமா என்று யோசியுங்கள்.

படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கி ஏறுங்கள். கை இயல்பாகத் தொங்கும்போது வெளிச்சம் காலடிக்கு இரண்டு மூன்று படி முன்னால் விழுந்தால் சரி. முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டு, தலைப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சூடு வரட்டும், பிடிக்க முடியாத அளவு சுட்டால் திருப்பிக் கொடுங்கள். பிறகு குழாயைத் திறந்து தூறல் போல விட்டு ஒரு நிமிடம் பிடியுங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி பூத்தால் அதையும் திருப்பிக் கொடுங்கள்.

தேறிய டோர்ச்சுக்கு ஓர் இடம் ஒதுக்கி எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சும்மா வைத்திருக்கும் டோர்ச் என்றால் அல்கலைன் பெட்டரியை உள்ளே விடாதீர்கள், பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள், அல்லது 1.5 வோல்ட் லித்தியம் ஏஏ (மேலே சொன்ன 14500 அல்ல) போடுங்கள். சார்ஜ் வகையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். வருடத்துக்கு ஒரு முறை திருகைத் துணியால் துடைத்து, இறப்பர் வளையத்தில் ஒரு துளி சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும். தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், சிலவகை இறப்பர் ஊதிப்போகும்.